வைப்பாற்றுக் கழிமுகச் சூழல் மண்டலம்

வைப்பாற்றுக் கழிமுகச் சூழல் மண்டலம் என்பது தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில் வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தையும், அதனைச் சூழ்ந்த மணற்கரை, உப்பளங்கள், கண்டல் திட்டுகள், கடற்புல் படுகைகள், பவளப் பார்கள், சிறு தீவுகள் ஆகியவற்றையும் உள்ளடக்கிய கரையோரப் பகுதியாகும். இக்கழிமுகம் வைப்பாறு, சிப்பிக்குளம் ஆகிய கடற்கரை ஊர்களை ஒட்டி அமைந்துள்ளது.

கரையோரச் சூழல் மண்டலம் ஒன்றின் தன்மையைக் கடல் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆறு கொண்டுவரும் நன்னீர், வண்டல், மணல், உயிர்ச்சத்துக்கள் ஆகியவையும், ஆற்றின் முழு வடிநிலத்திலும் மக்கள் மேற்கொள்ளும் பணிகளும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. வைப்பாற்று வடிநிலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே உள்ள ஆமத்தூர், கடலிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ள வறண்ட ஊர். எனினும் அங்குப் பெய்யும் மழைநீர் கண்மாய்களில் தேங்கியது போக எஞ்சினால், ஓடைகள் வழியே வைப்பாற்றை அடைந்து மன்னார் வளைகுடாவிலேயே சேர்கிறது. அவ்வகையில் பட்டாசுத் தொழில் நடைபெறும் இந்நிலப்பகுதியும் இக்கழிமுகத்தின் மேற்புறமே ஆகும்.

புவியியல்

வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில் தோன்றும் பல ஓடைகள் இணைந்து உருவாகும் ஆறு. இதன் வடிநிலம் வடக்கே வைகை வடிநிலத்திற்கும் தெற்கே தாமிரபரணி வடிநிலத்திற்கும் இடையில் அமைந்துள்ளது. தென்காசி, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் பெரும் பகுதிகளை உள்ளடக்கிய இவ்வடிநிலத்தின் பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது.

வைப்பாற்றின் துணையாறுகளில் அர்ச்சுனா ஆறு குறிப்பிடத்தக்கது. விருதுநகர் நகரை ஒட்டி ஓடும் கௌசிகா ஆறு அர்ச்சுனா ஆற்றில் சேர்கிறது. அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் சாத்தூரை அடுத்த இருக்கன்குடியில் கலக்கின்றன. புகழ்பெற்ற இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இவ்விரு ஆறுகளுக்கு இடையே அமைந்துள்ளது. அதன் பின்னர் வைப்பாறு கரிசல் நிலத்தின் ஊடாகத் தென்கிழக்காக ஓடி, விளாத்திகுளம் வழியாகக் கடலை அடைகிறது.

மழையும் நீரோட்டமும்

வைப்பாறு வற்றாத ஆறு அன்று. இதன் வடிநிலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 800 மி.மீ. ஆகும். கடற்கரையை ஒட்டிய தூத்துக்குடி மாவட்டத்தில் இது மேலும் குறைந்து 650 மி.மீ. அளவில் உள்ளது. இம்மழையின் பெரும் பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. எனவே ஆற்றில் நீர் ஓடும் நாட்கள் மிகக் குறைவு. ஆண்டின் பிற மாதங்களில் ஆற்றுப்படுகை வெறும் மணலாகவே காட்சியளிக்கும்.

இந்த வறட்சியே இப்பகுதியின் தொழில்களையும் வடிவமைத்துள்ளது. ஈரப்பதம் குறைந்த காற்றும் நீண்ட வெயில் காலமும் தீக்குச்சி, பட்டாசு, அச்சுத் தாள் ஆகியவற்றை உலர்த்த ஏற்றவை. வேளாண்மை மழையை நம்பியதாக இருந்ததால் மாற்றுத் தொழிலுக்கான தேவையும் இருந்தது. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பின்னர் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. அதே ஆற்றின் மறுமுனையில் அதே வெயில் கடல்நீரை உப்பாக மாற்றப் பயன்படுகிறது. ஆற்றின் இரு முனைகளிலும் வாழும் மக்கள் மழையின்மையைப் பயன்படுத்தித் தொழில் செய்கின்றனர் எனலாம்.

நீர் கரையோரத்தை உருவாக்கும் விதம்

உவர்ப்பு மாற்றம்

கடல்நீரில் சராசரியாக எடைக்கு 3.5 விழுக்காடு உப்பு கரைந்துள்ளது. ஆற்று நீரில் உப்பு மிகக் குறைவு. இரண்டும் கலக்கும் கழிமுகத்தில் உவர்ப்பின் அளவு நாளுக்கு நாளும், ஓத ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து நேரத்திற்கு நேரமும் மாறுகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் வரும்போது கழிமுக நீர் ஏறத்தாழ நன்னீராகிறது. கோடையில் ஆற்று வரத்து நின்று, கடும் வெயிலில் நீர் ஆவியாகும்போது உவர்ப்பு கடல்நீரை விடவும் மிகுதியாகலாம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் நன்னீர் வந்து கழுவாவிட்டால் இந்த உப்பு சேற்றிலேயே படிந்து, உவர்ப்பைத் தாங்கும் சில இனங்கள் மட்டுமே வாழக்கூடிய நிலை ஏற்படும்.

முகத்துவாரம் திறத்தலும் மூடலும்

சிற்றாறுகளின் முகத்துவாரத்தில் அலைகள் மணலைக் குவித்துத் திட்டு அமைக்கின்றன. ஆற்றில் நீர் வலுவாக ஓடும்போது இத்திட்டு உடைந்து கடலுடன் தொடர்பு ஏற்படுகிறது. வரத்து குறைந்தால் திட்டு மீண்டும் வளர்கிறது. முகத்துவாரம் திறந்திருக்கும் காலமே மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் உள்ளே வரவும், வளர்ந்தவை வெளியேறவும் வாய்ப்பளிக்கும் காலமாகும். வெள்ளம் வராத ஆண்டில் இந்த வழி குறுகுகிறது அல்லது அடைபடுகிறது.

மணலும் வண்டலும்

கடற்கரை மணலின் ஒரு பகுதி ஆறுகளால் கொண்டுவரப்படுவது. தூத்துக்குடிக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் மணலை நகர்த்துகிறது. இவ்வாறு நகர்ந்து செல்லும் மணலுக்கு ஈடாகப் புதிய மணல் வரவேண்டும். வராவிடில் கரை அரிக்கப்படும்.

மணலும் வண்டலும் மிகுதியாக வந்தால் நேர்வது வேறு. இதற்குத் தெற்கே உள்ள தாமிரபரணியின் முகத்துவாரம் சான்றாகும். பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை, ஆற்று வண்டல் படிந்து கடல் பின்வாங்கியதால் இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே உள்ளது. அதன் இடத்தைப் பிடித்த பழையகாயலும் பின்னர் அதே காரணத்தால் துறைமுகச் சிறப்பை இழந்து, புன்னைக்காயல் வளர்ந்தது.

சத்துக்கள்

ஆற்று வெள்ளம் நைதரசன், பொசுபரசு, சிலிக்கா ஆகிய சத்துக்களைக் கடலுக்குக் கொண்டு செல்கிறது. சிலிக்காவைக் கொண்டு ஓடு அமைத்துக்கொள்ளும் நுண்பாசிகள் இவற்றால் பெருகுகின்றன. அவற்றை மிதவை உயிரிகளும், மிதவை உயிரிகளைச் சிறு மீன்களும் உண்கின்றன. ஆகவே மழைக்கால வெள்ளம் கரையோர மீன் வளத்தின் தொடக்கப் புள்ளியாக அமைகிறது.

நிலத்தடி நீர்

கரையோர நிலத்தடியில் நன்னீர், அடர்த்தி மிகுந்த கடல்நீரின் மேல் மிதக்கிறது. இரு நீர்களின் அடர்த்தி வேறுபாட்டால், கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயரம் நன்னீர் இருந்தால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிலைபெறும். இதனைக் கைபன்-எர்சுபெர்க்கு தொடர்பு என்பர். இதன் மறுபக்கமும் உண்மையே. கிணறுகளில் நன்னீர் மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், கீழே உவர்நீர் 40 மீட்டர் வரை மேலேறக்கூடும். ஆற்றில் நீர் ஓடும் காலத்தில் படுகை மணல் வழியே நிலத்தடி நீர் ஊறுவதால், ஆற்று வரத்து குறைவதும் மணல் அகற்றப்படுவதும் கரையோர ஊர்களின் குடிநீரை நேரடியாகப் பாதிக்கின்றன.

உயிரினங்கள்

கழிமுகத்தின் சேற்று நிலங்களில் உவர்ப்பைத் தாங்கும் வெண்கண்டல் போன்ற அலையாத்தித் தாவரங்கள் சிறு திட்டுகளாக வளர்கின்றன. உமரி போன்ற உவர்நிலச் செடிகளும் காணப்படுகின்றன. மடவை மீன்கள், நண்டுகள், இறால்கள் ஆகியவை கழிமுகத்தைப் பயன்படுத்துகின்றன. வெள்ளை இறால் போன்ற இனங்கள் கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சுகள் கழிமுகத்தினுள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. கடலில் பிடிபடும் இறாலின் அளவு கழிமுகங்களின் நிலையைப் பொறுத்து அமைவதற்கு இதுவே காரணம்.

கரைக்கு அப்பால் ஆழம் குறைந்த பகுதியில் கடற்புல் படுகைகள் உள்ளன. கடற்புல் என்பது பாசி அன்று; வேர், தண்டு, இலை, பூ ஆகியவற்றைக் கொண்ட பூக்கும் தாவரமாகும். இது கலங்கல் நீரில் உள்ள வண்டலைப் பிடித்து நிறுத்தி, அப்பால் உள்ள பவளப் பார்களைக் காக்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு கடற்புல்லை உண்டு வாழும் பாலூட்டி ஆகும்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. இவை மண்டபம், கீழக்கரை, வேம்பாறு, தூத்துக்குடி என நான்கு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றன. வைப்பாற்றுக் கழிமுகத்திற்கு அண்மையில் உள்ளவை பின்வரும் இரு குழுக்கள் ஆகும்.

வேம்பாறு குழு: உப்புத்தண்ணி, புலுவினிசல்லி, நல்லதண்ணி
தூத்துக்குடி குழு: வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி

இத்தீவுகளைச் சுற்றிப் பவளப் பார்கள் உள்ளன. மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கடினப் பவளங்களும், மொத்தம் 3,600க்கும் மேற்பட்ட தாவர, விலங்கினங்களும் பதிவு செய்யப்பட்டுள்ளன. பவளப் பார்கள் அலைகளின் ஆற்றலை உடைத்துத் தீவுகளையும் கரையையும் அரிப்பிலிருந்து காக்கின்றன.

பவளத்திற்குத் தெளிந்த நீரும் கதிரவன் ஒளியும் தேவை. வண்டல் மிகுதியாகப் படிந்தால் அது மூச்சு முட்டி இறக்கும். ஆகையால் ஆற்று நீர் கழிமுகத்திற்கு இன்றியமையாதது என்றாலும், அளவு கடந்த சேறு பாருக்குக் கேடாகும். இவ்விரண்டிற்கும் இடையே வடிகட்டியாகக் கண்டல்களும் கடற்புல்லும் செயற்படுகின்றன.

வரலாறு

வைப்பாறு தொன்மைக் காலத்திலேயே உள்நாட்டையும் கடலையும் இணைத்திருந்தது. வைப்பாற்றின் கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022இல் அகழாய்வைத் தொடங்கி, அடுத்தடுத்த கட்டங்களாக நடத்தியது. அங்குச் சங்கு வளையல்களும், முழுமை பெறாத சங்குத் துண்டுகளும் பெருமளவில் கிடைத்தன. சங்கை அறுத்து வளையல் செய்யும் தொழில் அங்கு நடைபெற்றதை இவை காட்டுகின்றன. சங்கு கடலில் மட்டுமே கிடைப்பது என்பதால், கடலோரத்துடன் அவ்வூருக்கு இருந்த வணிகத் தொடர்பு புலனாகிறது.

வைப்பாறும் அதன் வடக்கே உள்ள வேம்பாறும் முத்துக்குளித்துறையின் ஏழு கடல்துறைகளுள் இரண்டாக எண்ணப்படுபவை. தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகியவை ஏனைய ஐந்து. பரதவர் சமூகத்தினர் இங்கு முத்துக்குளித்தலிலும் சங்கு குளித்தலிலும் மீன்பிடியிலும் ஈடுபட்டு வந்தனர். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டுடன் நின்றது. முத்துச் சிப்பிகள் போதிய அளவில் பெருகாமையே இதற்குக் காரணம்.

மாந்த நடவடிக்கைகளின் தாக்கம்

கண்மாய்களும் அணைகளும்

வைப்பாற்று வடிநிலத்தில் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைக்கப்பட்டுள்ளன. ஒரு கண்மாய் நிறைந்ததும் உபரி நீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குச் செல்லும். கடைசிக் கண்மாய் நிறைந்த பின்னரே ஆற்றில் நீர் மிகும். இம்முறை மழைநீரைத் தேக்குவதுடன் மேல்மண்ணையும் கண்மாய்க்குள்ளேயே நிறுத்துகிறது. அவ்வண்டலை உழவர்கள் கோடையில் அள்ளி வயல்களுக்கு இடுவது வழக்கம்.

கண்மாய்களுக்கு மேலாகப் பின்வரும் அணைகள் வைப்பாறு மற்றும் அதன் துணையாறுகளில் கட்டப்பட்டுள்ளன.

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் - வத்திராயிருப்பு அருகே மலையடிவாரத்தில்
வெம்பக்கோட்டை அணை - வைப்பாறு
ஆனைக்குட்டம் அணை - அர்ச்சுனா ஆறு
குல்லூர்சந்தை அணை - கௌசிகா ஆறு
கோல்வார்பட்டி அணை - அர்ச்சுனா ஆறு
இருக்கன்குடி அணை - வைப்பாறும் அர்ச்சுனா ஆறும்

இவை வறண்ட மாவட்டத்திற்குப் பாசன நீரும் குடிநீர் ஆதாரமும் அளிக்கின்றன. அதே வேளையில், நடுத்தர மழை பெய்யும் ஆண்டுகளில் கடலை அடையக்கூடிய வெள்ளத்தைக் குறைக்கின்றன. அணையில் நீர் தேங்கும்போது மணலும் வண்டலும் அடியில் படிந்துவிடுவதால், மதகு வழியே வெளியேறும் நீர் முன்போல் மணலைச் சுமந்து செல்வதில்லை. பெருமழை ஆண்டுகளில் அணைகள் நிறைந்து உபரி நீர் திறக்கப்படும்போது வெள்ளம் ஒரே வீச்சில் கழிமுகத்தை அடைகிறது. இதனால் கழிமுகத்திற்குக் கிடைக்கும் நீர் குறைவதுடன், அது கிடைக்கும் முறையும் மாறுகிறது.

மணல் அள்ளுதல்

வைப்பாற்றுப் படுகையில் கட்டடப் பணிகளுக்காக மணல் அள்ளப்பட்டு வந்துள்ளது. ஆற்று மணல் நீரைத் தேக்கி வைக்கும் பஞ்சு போன்றது. அது அகற்றப்பட்டால் வெள்ள நீர் விரைந்து ஓடிவிடும். கரையோரக் கிணறுகளில் ஊற்று குறையும். கடற்கரைக்குச் செல்ல வேண்டிய மணலும் இழக்கப்படுகிறது.

சீமைக் கருவேலம்

தென் அமெரிக்காவைச் சேர்ந்த சீமைக் கருவேலம் கண்மாய்களிலும் ஆற்றுப்படுகையிலும் கரையோர உவர்நிலங்களிலும் அடர்ந்து பரவியுள்ளது. வரத்துக் கால்வாய்களில் இது வளர்வதால் கண்மாய்களுக்கு நீர் வருவது தடைப்படுகிறது. எனினும் விறகுக்கும் கரிமூட்டத் தொழிலுக்கும் இம்மரம் பயன்படுவதால், வேளாண்மை பொய்த்த சிற்றூர்களில் பலருக்கு இது வருவாய் தருவதாகவும் உள்ளது.

கழிவுநீரும் வேதிப்பொருட்களும்

கௌசிகா ஆற்றில் விருதுநகர் நகரின் கழிவுநீர் கலக்கிறது. மழையற்ற மாதங்களில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் இக்கழிவுநீரே ஆகும். இது குல்லூர்சந்தை அணையில் சேர்ந்து நீரின் தரத்தைக் கெடுக்கிறது.

பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் உயிர்வளியேற்றிகளாகப் பொட்டாசியம் நைத்திரேட்டு, பொட்டாசியம் குளோரேட்டு, பெர்குளோரேட்டு உப்புகள் முதலியன பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. 2013இல் வெளியான ஆய்வொன்று தென்னிந்தியப் பட்டாசு உற்பத்திப் பகுதியின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட்டு கலந்திருப்பதைக் கண்டறிந்தது. பெர்குளோரேட்டு நீரில் எளிதில் கரையக்கூடியது. மண் துகள்களுடன் ஒட்டாமல் நீர் செல்லும் வழியெல்லாம் செல்லக்கூடியது. இது உடலில் தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கிறது. பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்துவதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. ஆலைக் கழிவுகளைத் திறந்த வெளியிலும் ஓடைகளிலும் கொட்டாமல் இருப்பது, தொழிலாளர் குடியிருப்புகளின் கிணறுகளுக்கும் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கும் ஒருங்கே பயன் தரும்.

உப்பளங்கள்

வேம்பாறு, வைப்பாறு, வேப்பலோடை, தூத்துக்குடி ஆகிய இடங்களில் உப்பளங்கள் பரவியுள்ளன. இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குசராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு உள்ளது. அதில் தூத்துக்குடி மாவட்டத்தின் பங்கு பெரிது. இங்குக் கடல்நீருடன் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுக்கப்படும் உவர்நீரும் பாத்திகளில் பாய்ச்சப்படுகிறது. உப்பு விளையும் காலம் வடகிழக்குப் பருவமழையுடன் முடிகிறது.

உப்பளத் தொழிலாளருக்கு மழை என்பது வேலையிழப்பு. அதே மழை மேற்பகுதியில் உள்ள உழவருக்கு விளைச்சல். கழிமுகத்து மீனவருக்கு இறால். சேற்று நிலங்கள் பாத்திகளாக மாற்றப்படும்போது கண்டல் வளரும் இடமும் ஓத நீர் பரவும் இடமும் குறைகின்றன. எனினும் உப்பளங்களின் நீர்த்தேக்கப் பகுதிகள் வலசை வரும் கரைப்பறவைகளுக்கு இரைதேடும் இடமாகவும் விளங்குகின்றன.

பவளம் அகழ்தல்

சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் வேதித் தொழில்களுக்கும் மூலப்பொருளாக மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள் பல பதிற்றாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. ஏறத்தாழ 110 ச.கி.மீ. பவளப் பரப்பில் 32 ச.கி.மீ. அளவு சிதைந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. 2001இல் கடினப் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் பார்களின் அரண் பயன் குறித்த விழிப்புணர்வு மீனவ ஊர்களில் பரவியது. 2005 அளவில் பவளம் அகழ்தல் நின்றது.

பார்களை இழந்த தீவுகள் அலைகளால் அரிக்கப்பட்டன. தூத்துக்குடி குழுவைச் சேர்ந்த விலாங்குசல்லியும் கீழக்கரை குழுவைச் சேர்ந்த பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கின. 1986இல் 16 எக்டேராக இருந்த வான் தீவு 2014இல் 2 எக்டேராகச் சுருங்கியது. காரைச்சல்லித் தீவும் 1969இல் இருந்த பரப்பில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகிவிட்டது.

மீன்பிடி

கரையோரத்தில் வள்ளங்களிலும் நாட்டுப் படகுகளிலும் மீன்பிடிப்போரும், விசைப்படகில் இழுவை மடி பயன்படுத்துவோரும் உள்ளனர். இழுவை மடி கடலடியைத் துடைத்துச் செல்வதால் கடற்புல்லும் சிறு மீன்களும் அழிகின்றன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983இல் இயற்றப்பட்டது. இதன்படி கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையிலான பகுதி நாட்டுப் படகுகளுக்கு உரியது. இந்த எல்லையை மீறுவது தொடர்பாக இரு தரப்பினருக்கும் இடையே பூசல்கள் ஏற்பட்டுள்ளன. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் 2001 முதல் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் 45 நாட்களாக இருந்த இது, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது.

வெப்பநிலை உயர்வும் பெருமழையும்

கடல்நீரின் வெப்பம் நீண்ட நாட்கள் மிகுந்திருந்தால் பவளங்கள் தம்முள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிப் போகின்றன. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளிறல்கள் நிகழ்ந்தன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுப்படி, 2016 வெளிறலால் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகக் குறைந்தது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. இது அம்மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையை விட மிகுதி. இத்தகைய வெள்ளம் தேங்கிய உப்பைக் கழுவி, முகத்துவாரங்களைத் திறக்கிறது. ஆனால் பெருமளவு சேற்றையும் குப்பையையும் ஒரே நேரத்தில் கடலில் சேர்க்கிறது.

"வீணாகக் கடலில் கலக்கும் நீர்" பற்றிய கருத்து வேறுபாடு

மழைக்காலத்தில் ஆற்று நீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்ற கருத்து தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. குடிநீருக்கே தட்டுப்பாடு நிலவும் வைப்பாற்று வடிநிலத்தில் இக்கருத்து எழுவது இயல்பே. கேரளத்தின் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் நீரை வைப்பாற்று வடிநிலத்திற்குத் திருப்பும் பம்பை - அச்சன்கோவில் - வைப்பாறு இணைப்புத் திட்டம் இத்தேவையிலிருந்து உருவானதாகும். தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995இல் இதன் சாத்தியக்கூறு அறிக்கையை உருவாக்கியது. இதன் மூலம் தமிழ்நாட்டில் 91,400 எக்டேர் நிலம் பாசனம் பெறும் எனக் கணக்கிடப்பட்டது.

கேரளம் இத்திட்டத்தை எதிர்த்து வருகிறது. அவ்வாறுகளின் நீர் குறைந்தால் வேம்பநாட்டு ஏரியிலும் குட்டநாட்டு வயல்களிலும் உவர்ப்பு ஏறும் என்பது எதிர்ப்பின் காரணங்களுள் ஒன்று. அதாவது, ஒரு கழிமுகத்திற்கு நன்னீர் தேவை என்ற வாதம் அங்கு முன்வைக்கப்படுகிறது. அதே அறிவியல் வைப்பாற்றுக் கழிமுகத்திற்கும் பொருந்தும் என்றாலும், இங்கு அதற்காகக் குரல் எழுவது அரிது.

கழிமுகத்திற்கு நீர் கிடைக்காவிடில் நேர்வதைப் பிற நாடுகளில் காணலாம். சிந்து ஆற்றின் மீது கோட்ரி தடுப்பணை 1955இல் கட்டப்பட்ட பின்னர், பாக்கித்தானின் சிந்து கழிமுகத்தில் கண்டல் காடுகள் சுருங்கிக் கடல்நீர் வயல்களுக்குள் புகுந்தது. தென்னாப்பிரிக்கா 1998இல் இயற்றிய தேசிய நீர்ச் சட்டம், மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் சூழலுக்கும் உரிய நீரை முதலில் ஒதுக்கிவிட்டு எஞ்சியதையே பிற பயன்களுக்குப் பகிரவேண்டும் என்கிறது. அமெரிக்காவும் மெக்சிகோவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2014இல் கொலராடோ ஆற்றில் சில வாரங்கள் நீர் திறந்துவிடப்பட்டு, நெடுங்காலத்திற்குப் பின் அந்த ஆறு கடலைத் தொட்டது.

வைப்பாறு போன்ற பருவகால ஆற்றுக்கு ஆண்டு முழுவதும் நீர் விடுவது இயலாது. இயற்கையிலும் அவ்வாறு இருந்ததில்லை. மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்து, உவர்ப்புக் குறைந்து, இறால் குஞ்சுகள் உள்ளே வருவதற்குப் போதிய அளவு சில நாள் வெள்ளமே அதற்குத் தேவை. எனவே கண்மாய்களைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குவதும், கழிமுகத்திற்கு உரிய வெள்ளத்தை விடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கண்மாய்கள் நன்கு பேணப்படும்போது நிலத்தடி நீர் உயர்கிறது. சேறு கண்மாயிலேயே தங்குகிறது. கடலை அடையும் நீர் தெளிவாகிறது.

பாதுகாப்பு முயற்சிகள்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் உள்ளடக்கிய 560 ச.கி.மீ. பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 ச.கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக்கப்பட்டது. 2001இல் யுனெசுகோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் இது இணைக்கப்பட்டது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் 1991, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிடப்பட்டன. கண்டல்கள், பவளப் பார்கள், கடற்புல் படுகைகள் ஆகியவை இவற்றின்கீழ் மிகுந்த பாதுகாப்புப் பெறும் வகையில் அடங்கும்.

வான் தீவைக் காக்க 2015 முதல் கற்காரையால் ஆன செயற்கைப் பார்கள் கடலடியில் அமைக்கப்பட்டன. இதன் வடிவமைப்பில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் பங்கேற்றது. இதனால் தீவின் அரிப்பு மட்டுப்பட்டது. காரைச்சல்லித் தீவுக்கும் இத்தகைய திட்டம் வகுக்கப்பட்டுள்ளது.

மேற்கண்ட பாதுகாப்பு எல்லைகள் யாவும் கடலிலும் கரையிலுமே வரையப்பட்டுள்ளன. கழிமுகத்தின் நீரும் மணலும் வரும் வடிநிலம் இவ்வெல்லைகளுக்கு வெளியே உள்ளது. அணைகளின் நீர் மேலாண்மை, கண்மாய்ப் பராமரிப்பு, மணல் குவாரி உரிமம், நகரக் கழிவுநீர், தொழிற்சாலைக் கழிவு ஆகியவை வெவ்வேறு துறைகளின் பொறுப்பில் உள்ளன. ஆற்றின் தொடக்கம் முதல் தீவுகள் வரை ஒரே அலகாகக் கருதித் திட்டமிடும் முறை ஒருங்கிணைந்த வடிநில - கரையோர மேலாண்மை எனப்படுகிறது. இம்முறையில் ஆமத்தூர்க் கண்மாயின் கலுங்கும், சிப்பிக்குளத்து மீனவரின் வலையும் ஒரே கணக்கில் இடம்பெறும்.

இவற்றையும் பார்க்க

வைப்பாறு
மன்னார் வளைகுடா
கழிமுகம்
அலையாத்தித் தாவரங்கள்
பவளப் பாறை
வெம்பக்கோட்டை
விருதுநகர் மாவட்டம்